மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் ஒரு மாஸ்டர்ஸ்: கேட்டவர்களும் என் பதில்களும்

நான் இப்போது அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சியில், அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியில், இரண்டாம் வருடம். கல்லூரி முடித்தபோது என் ஜிபிஏ, அதாவது நான்குக்குப் போடும் மதிப்பெண் சராசரி, 3.1. முதல் முறை விண்ணப்பித்தபோது ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. அப்புறம் ஒரு வருட ‘ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்’ படித்துத்தான் உள்ளே போனேன். சுருக்கமாக எஸ்எம்பி என்பார்கள். மெடிக்கல் ஸ்கூல் முதல் வருடப் பாடங்களை, பல இடங்களில் அந்த மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அவர்கள் எழுதும் தேர்வையே எழுதிப் படிப்பது. ஜார்ஜ்டவுன், பாஸ்டன் பல்கலைக்கழகம் என்று நிறைய இடங்களில் இப்படி ஒன்று உண்டு. தெரிந்த குடும்பங்களிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு நைட் ஷிஃப்டுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை.

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா: மகள் பயாலஜி முடித்துவிட்டாள். ஜிபிஏ 3.2, மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 509. சிலர் எஸ்எம்பி என்கிறார்கள், சிலர் போஸ்ட்-பேக் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானேம்மா?

இல்லை ஆன்ட்டி. இந்தக் குழப்பத்தில் ஒரு வருடத்தையும் பெரிய தொகையையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போஸ்ட்-பேக்கில், பட்டம் முடித்த பிறகும், எடுப்பது இளங்கலை நிலைப் பாடங்கள்தான். அந்த மதிப்பெண் மகளின் பழைய ஜிபிஏவோடு சேரும். எஸ்எம்பி முதுகலை. அமெரிக்காவில் டாக்டர் ஆக எம்டி, டிஓ என்று இரண்டு பட்டங்கள் உண்டு. எம்டி கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் ஆம்காஸ் முறையில் முதுகலை மதிப்பெண்ணைத் தனி வரியில் போடுவார்கள். எஸ்எம்பியில் 4.0 வாங்கினாலும் மேலே இருக்கும் அந்த 3.2 அசையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 க்ரெடிட்டில் 3.2 என்றால் 384 புள்ளிகள். போஸ்ட்-பேக்கில் 30 க்ரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் இன்னும் 120. மொத்தம் 504; அதை 150ஆல் வகுத்தால் 3.36. ஒரு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்து ஏறுவது இவ்வளவுதான். அதனால் 3.2 உள்ளவர்களுக்கு எஸ்எம்பி பொருந்தலாம்: பழைய எண்ணை மாற்ற முடியாது, ஆனால் ‘மருத்துவப் பாடத்தையே கொடுத்துப் பாருங்கள், தாங்குவேன்’ என்று காட்ட முடியும். 2.8 உள்ளவர்களின் கதை வேறு. அதே கணக்கில் அவர்களுக்கு 3.04 வரும். பல கல்லூரிகள் 3.0க்குக் கீழே உள்ள விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதால், அந்தக் கோட்டைத் தாண்டுவது அவர்களுக்குப் பெரிய விஷயம். முதலில் போஸ்ட்-பேக், தேவைப்பட்டால் பிறகு எஸ்எம்பி.

இன்னொன்று. மொத்த ஜிபிஏவோடு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ போடுவார்கள். மகளின் 3.2ஐப் பார்த்துக் கவலைப்படும் முன் அந்த எண் என்ன என்று கேளுங்கள். அதுவும், முதல் வருடத்தில் விழுந்து கடைசி வருடத்தில் எழுந்தாளா, கடைசியில்தான் விழுந்தாளா என்பதும் தெரியாமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மிச்சிகன் மாணவர்: அக்கா, என் ஜிபிஏ 3.65. எம்கேட் 498. எந்த எஸ்எம்பிக்குப் போகலாம்?

எதற்கும் போக வேண்டாம் தம்பி. உங்கள் நோய் வேறு, கேட்கும் மருந்து வேறு. எம்கேட் 472இலிருந்து 528 வரை. எம்டி கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 512ஐ ஒட்டி இருக்கிறது. எஸ்எம்பி அந்த எண்ணைத் தொடாது. ஆறு மாதம் ஒதுக்கித் தேர்வைத் திரும்ப எழுதுங்கள். ஆனால் ‘சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்’ என்று போகாதீர்கள். ஒரு வருடத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். எல்லா மதிப்பெண்ணையும் கல்லூரிகள் பார்க்கும்.

டெக்சஸ் மாணவி: ஆகஸ்டில் எஸ்எம்பி தொடங்குகிறது. இடையில் பத்து வாரம் இருக்கிறது. என்ன படித்து வைக்கலாம் அக்கா?

நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த கேள்வி.

நம் வீடுகளில் அரங்கேற்றம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் போய் யாரும் அடவு கற்றுக்கொள்வதில்லை. எஸ்எம்பியும் அப்படித்தான். ‘அங்கே போய் எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்வேன்’ என்று போனால், கற்றுக்கொள்வதற்குள் இரண்டு தேர்வு முடிந்திருக்கும். எனக்கு நடந்தது அதுதான். முதல் உடலியல் தேர்வுக்கு, கல்லூரியில் செய்த மாதிரியே ஸ்லைடுகளை மூன்று முறை வாசித்துவிட்டுப் போனேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. தேர்வில் ‘இந்த நோயாளிக்கு ரத்தம் போய்விட்டது, இதில் எது ஏறும், எது இறங்கும்’ என்று அம்புக்குறிகளாகக் கேட்டிருந்தார்கள். வகுப்பின் சராசரிக்கு எட்டு மதிப்பெண் கீழே. அந்த ராத்திரி அம்மாவிடம் போனில் ‘நல்லா எழுதினேன்’ என்று பொய் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் இந்தப் பத்து வாரத்தில் எஸ்எம்பிப் பாடத்தையே முன்கூட்டிப் படித்து முடிக்கப் பார்க்காதீர்கள். முடியாது, செப்டம்பருக்குள் மறந்தும் போகும். அதற்குப் பதிலாக உடலியலின் நாலைந்து இடங்களை எலும்பு வரை புரிந்துகொள்ளுங்கள். நரம்பு செல்லின் சவ்வில் மின்னழுத்தம் எப்படி உண்டாகிறது. இதயத் துடிப்பின் வேகத்தை ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தால் பெருக்கினால் கார்டியாக் அவுட்புட் என்றால், உடம்பு எப்போது எதைக் கூட்டுகிறது. தந்துகியில் எந்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, எது உள்ளே இழுக்கிறது. ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் வளைகோடு எதனால் வலப்பக்கம் நகர்கிறது. நெஃப்ரானின் ஒவ்வொரு பகுதியிலும் சோடியம் என்ன ஆகிறது. இவற்றைப் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைப் பலகையில் வரைய முடிய வேண்டும். வரைந்தபடியே வாய்விட்டு யாருக்காவது சொல்லுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் பாட்டிக்கு வீடியோ கால் போடுங்கள். என் பாட்டிக்குச் சிறுநீரகம் பற்றி இப்போது நிறையவே தெரியும்.

இரண்டாவது, ஆன்கி: கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனப்பாடம் செய்ய வைக்கும் செயலி. பலர் முதல் வாரத்தில்தான் அந்தச் செயலியை இறக்குகிறார்கள். அதைப் பழகவே மூன்று வாரம் ஆகும். இப்போதே தினமும் காலையில் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் இருக்கும் எல்லா வரியையும் அட்டையாக்காதீர்கள். உடற்கூறியலில் நரம்புப் பெயர்கள், உயிர்வேதியியலில் நொதிகள் மாதிரி மனப்பாடமாகவே வேண்டியதற்கு மட்டும் அது. காரணகாரியத்துக்குப் பலகைதான். ஒரே ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாக வந்து நிற்கும், கந்து வட்டி மாதிரி.

மூன்றாவது, வாழ்க்கை. பகுதிநேர வேலையை விட்டுவிட முடிந்தால் விடுங்கள். கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். உறவினர் கல்யாண தேதிகளைத் தேர்வுக் காலண்டரோடு இப்போதே ஒப்பிட்டு, ‘வர முடியாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்டோபரில் சொன்னால் கோபம் வரும். ஜூனில் சொன்னால் வருத்தத்தோடு போகும்.

கடைசி இரண்டு வாரம் ஒன்றும் படிக்காதீர்கள். நன்றாகத் தூங்குங்கள்.

அதே மாணவி: எம்கேட்டைப் படிப்புக்கு நடுவில் எழுதலாமா? விண்ணப்பம் எப்போது போட?

நடுவில் வேண்டவே வேண்டாம். தேர்வு நாள் மட்டுமே ஏழரை மணி நேரம். அதற்கான தயாரிப்பு தனி வேலை. சேரும் முன்பே முடித்துவிட்டு வாருங்கள். பழைய மதிப்பெண் எவ்வளவு காலம் செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்.

விண்ணப்பத்துக்கு இரண்டு வழி. சேரும் அதே கோடையில் விண்ணப்பித்துவிட்டு, டிசம்பரில் வரும் மதிப்பெண்ணைக் கல்லூரிகளுக்கு அனுப்புவது ஒன்று. முழுப் படிப்பையும் முடித்து அடுத்த கோடையில் விண்ணப்பிப்பது இன்னொன்று. இதில் ஒரு வருடம் சும்மா போகும். என் கட்சி இரண்டாவது. முதல் வழியில் உங்களை மதிப்பிடுபவர் ஜூலையில் பார்ப்பது அதே பழைய ஜிபிஏவைத்தானே? நன்றாகச் செய்தால் தங்கள் கல்லூரியிலேயே இன்டர்வியூ தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்கும் இடமாக இருந்தால் மட்டும் முதல் வழி சரி. எப்போது போட்டாலும் சீக்கிரம் போடுங்கள். ஆம்காஸ் மே மாதம் திறக்கும், ஜூனை ஒட்டி சமர்ப்பிக்கலாம். இடங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே போவதால் செப்டம்பரில் போடுவது பந்தி முடியும் நேரத்தில் போய் உட்காருவது மாதிரி.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு அப்பா: கட்டணமும் வாடகையும் சேர்த்தால் எழுபதாயிரம் டாலர் வருகிறது. ‘எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

எதில் 90 சதவீதம் என்று கேளுங்கள் அங்கிள். நூறு பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் நடுவில் விலகினார்கள். மிச்சம் எண்பதில் விண்ணப்பித்தது அறுபது பேர். அதில் ஐம்பத்து நான்கு பேருக்குக் கிடைத்தது. அவர்கள் கணக்கில் அது 90. பணம் கட்டும் உங்கள் கணக்கில் 54. இரண்டும் பொய் இல்லை. ‘முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடத்துக்குள் எம்டி அல்லது டிஓவில் சேர்ந்தார்கள், அதில் உங்கள் சொந்தக் கல்லூரியில் எத்தனை பேர்?’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதுவே பதில்.

கடன் விஷயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முதுகலை மாணவர் அரசிடம் வருடத்துக்கு 20,500 டாலர் வரை கடன் வாங்கலாம். அதற்கு மேல் ஆகும் செலவுக்கு கிராட் பிளஸ் என்று ஒன்று இருந்தது. 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது கிடையாது. மீதி ஐம்பதாயிரம் உங்கள் கையிலிருந்தோ தனியார் கடனிலிருந்தோதான். அப்புறம் மெடிக்கல் ஸ்கூலிலும் அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 என்று நின்றுவிடும். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டை அடகு வைத்து எஸ்எம்பி வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் ஊர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்-பேக்காக உயர்நிலை அறிவியல் பாடங்களை எடுத்தால் செலவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்: பி.எஸ்சி. பயோடெக் முடித்தேன். அண்ணன் எம்பிபிஎஸ். எஸ்எம்பி வழியாக அமெரிக்காவில் டாக்டர் ஆகலாமா?

மனதை உடைப்பதற்காகச் சொல்லவில்லை, இந்த வழியில் வர வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் மெடிக்கல் ஸ்கூல்கள் குறைவு. சேர்ப்பவையும் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரியில் படித்த அறிவியல் பாடங்களை எதிர்பார்க்கின்றன. அரசுக் கடன் கிடையாது. சில இடங்களில் பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்கில் காட்டச் சொல்வார்கள். எம்பிபிஎஸ் முடித்த உங்கள் அண்ணனுக்கு இந்த மாஸ்டர்ஸே தேவையில்லை. அவர் யுஎஸ்எம்எல்இ என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை எழுதி நேராக ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்.

ஜார்ஜியாவிலிருந்து ஒரு அம்மா: எஸ்எம்பி முடித்துவிட்டு டிஓவுக்குத்தான் போக வேண்டும் என்றால் அது நிஜ டாக்டரா? கோவிலில் கேட்கிறார்களே...

கோவிலில் கேட்பவர்களுக்கு நெஞ்சு வலி வந்தால் எமர்ஜென்சியில் அவர்களைப் பார்ப்பவர் டிஓவாகவே இருக்கலாம். 1892இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த மரபு அது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமம். 2020 முதல் எம்டி, டிஓ இருவருக்கும் ரெசிடென்சிப் பயிற்சிக்கு ஒரே அங்கீகார முறை. சில போட்டி மிகுந்த அறுவைத் துறைகளில் டிஓக்களுக்குக் கதவு கொஞ்சம் இறுக்கம், அது உண்மை. என் வார்டில் எனக்கு மேலே இருக்கும் சீனியர் ஒரு டிஓ. ராத்திரி மூன்று மணிக்குப் பயம் வந்தால் நான் கூப்பிடுவது அவரைத்தான்.

ஒரு பழைய தகவலை மட்டும் நம்பாதீர்கள்: தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதினால் டிஓ விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண் மறைந்துவிடும் என்பது 2017உடன் முடிந்துபோன விதி. இப்போது இரண்டும் கணக்கில் சேரும்.

இல்லினாய் மாணவர்: இப்போது எஸ்எம்பியில் இருக்கிறேன். இரண்டு தேர்வில் சராசரிக்குக் கீழே. வீட்டில் யாருக்கும் தெரியாது. என்ன செய்வது அக்கா?

முதலில், இதை எழுதியது நல்லது.

எஸ்எம்பியில் வரும் சி, கல்லூரியில் வந்த சியைவிட அதிகம் காயப்படுத்தும். ‘மருத்துவப் பாடம் இவருக்கு வராது’ என்று அதை வாசிப்பார்கள். அதனால் ‘அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாளைக் கடத்த முடியாது. பாடத்திலிருந்து விலக கடைசித் தேதி எது என்று இன்றைக்கே பாருங்கள். நாளைக் காலை படிப்பின் இயக்குநருக்கு மின்னஞ்சல் போட்டு நேரம் கேளுங்கள். போகும்போது இரண்டு தேர்வின் தவறுகளையும் பிரித்து எடுத்துப் போங்கள்: தெரியாமல் போனது எத்தனை, தெரிந்தும் கேள்வி புரியாமல் போனது எத்தனை, நேரம் போதாமல் விட்டது எத்தனை. என் முதல் தேர்வில் பாதிக்கு மேல் இரண்டாம் வகை. அதற்கு மருந்து அதிகம் வாசிப்பது இல்லை, கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மூன்றாம் தேர்வில் சராசரியைத் தாண்டினேன். உங்களுடையது முதல் வகை என்றால், பாடங்களைக் குறைத்து இரண்டு வருடமாகப் பரப்ப முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் அனுமதிப்பார்கள்.

வீட்டில் யாராவது ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மா அப்பாவிடம் முடியாவிட்டால் சித்தப்பாவோ அக்காவோ. நான் மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் தூக்கம் சரியாக இல்லை, படிப்பும் ஏறவில்லை. இயக்குநரைப் பார்த்துவிட்டு வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். வியாழக்கிழமை எனக்கு லீவு.