சொத்தைக் கம்பெனிக்கு மாற்றும் முன் தங்கையிடம் பேசுங்கள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் நான்கு கடைகளும், மாடியில் இரண்டு குடித்தனங்களும் கொண்ட கட்டடம் எனக்கு இருக்கிறது. மனையை 1978-இல் அப்பா வாங்கிக் கீழ்த்தளம் கட்டினார். மாடியை 1996-இல் என் சம்பளத்தில் நான் எழுப்பினேன். அப்பா 2011-இலும் அம்மா 2019-இலும் காலமானார்கள். இருவருமே உயில் எழுதவில்லை. பட்டா என் பெயரில் உள்ளது. மாதம் 85,000 ரூபாய் வாடகை வருகிறது. 1987-இல் நகையும் சீரும் செய்து கட்டிக்கொடுத்த தங்கை, பெற்றோர் படுக்கையில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள், இப்போது பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் 2004-இல் நான் சொந்தமாக வாங்கிய இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டமும் சிறு வீடும் இருக்கின்றன. வங்கிக் கடன் வாங்கி அந்த வீட்டைப் பெரிதாக்கிச் சுற்றுலா வருவோருக்கு வாடகைக்கு விட எண்ணம். மருமகனைச் சரிபாதிப் பங்குதாரராகச் சேர்த்து ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி, இரண்டு சொத்துகளையும் அதற்கு மாற்றிவிட்டால் தங்கை கைவைக்க முடியாது, வரி குறையும், கடனுக்கும் நான் பொறுப்பாக மாட்டேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்? — வாசகர், சேலம்.

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். அம்மாப்பேட்டை மனை உங்கள் தந்தை தம் பெயரில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்த அன்றே அந்தச் சொத்து உங்கள் தாய், நீங்கள், தங்கை ஆகிய மூவருக்கும் சமமாகச் சேர்ந்தது. தாயும் உயில் எழுதாமல் இறந்ததால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு உங்கள் இருவருக்கும் சரிபாதியாக வந்தது. ஆகவே இன்று அந்தக் கட்டடத்தில் உங்களுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி.

தங்கைக்குப் போட்ட நகையும் சீரும், அவர் பெற்றோரைப் பார்க்க வராததும் இந்தக் கணக்கை மாற்றா. 1989-க்கு முன் திருமணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அப்படிச் சொல்லக் காரணமான தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது; தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தில் மகளுக்கு உள்ள வாரிசுரிமையை அது ஒருபோதும் தொட்டதில்லை. பட்டா உங்கள் பெயரில் இருப்பது வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, உரிமை ஆவணம் ஆகாது. நீங்கள் கட்டிய மாடிக்கு மட்டும் ஓரளவு மதிப்பு உண்டு: பாகம் பிரிக்கையில் அந்தச் செலவை ஈடுசெய்யும்படியோ, மாடியை உங்கள் பங்கில் ஒதுக்கும்படியோ நீதிமன்றத்தைக் கேட்கலாம், கட்டடம் முழுவதையும் கேட்க முடியாது.

இனிக் கம்பெனிக்கு வருகிறேன். உங்களிடம் பாதி உரிமைதான் இருக்கிறது என்றால், நீங்கள் முழுக் கட்டடத்துக்கும் கிரயம் எழுதிக் கொடுத்தாலும் கம்பெனிக்குப் போவது அந்தப் பாதிதான். விவரம் தெரியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கினோம் என்று கம்பெனி சொல்லவும் வழியில்லை, ஏனெனில் அதன் இயக்குநராகிய நீங்களே தங்கையின் நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். வழக்குத் தாக்கலான பிறகு மாற்றினால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த மாற்றம் வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. மேலும், கடன் கேட்டு நீங்கள் எந்த வங்கிக்குப் போனாலும் அதன் சட்ட ஆலோசகர் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் பார்த்த உடனே தங்கையின் கையெழுத்தைக் கேட்பார். அந்தக் கையெழுத்து இல்லாமல் இந்தக் கட்டடத்தை வைத்து யாரும் உங்களுக்குப் பணம் தரப் போவதில்லை.

பயனில்லாத அந்த மாற்றத்துக்கு ஆகும் செலவையும் பாருங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட், விடுதலை (தம் பங்கை விட்டுக்கொடுப்பது), பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு உள்ள சலுகைக் கட்டணம் கம்பெனிக்குக் கிடையாது. பங்குகள் முழுவதும் உங்கள் குடும்பத்திடமே இருந்தாலும் கம்பெனி உங்கள் குடும்பத்தில் ஒருவர் ஆகாது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசின் வழிகாட்டி மதிப்பு 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராமல் பங்குகளுக்கு ஈடாக மாற்றினாலும், அரசு மதிப்பைக் கொண்டு உங்களுக்கு மூலதன ஆதாய வரி கணக்கிடப்படும். இலவசமாகக் கொடுத்தால் அதே மதிப்பு கம்பெனியின் வருமானமாகக் கருதப்பட்டு அதன் தலையில் வரி விழும்.

வரி குறையும் என்பதும் உங்கள் அளவு வருமானத்துக்குப் பொருந்தாது. உங்கள் ஆண்டு வாடகை 10 லட்சத்து 20 ஆயிரம். அதில் 30 சதவீதக் கழிவு போக ஏழு லட்சத்துச் சொச்சம் மிஞ்சும். வேறு பெரிய வருமானம் இல்லாத தனிநபருக்கு, 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. கம்பெனிக்கோ முதல் ரூபாயிலிருந்தே வரி. சலுகை விகிதமான 22 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25 சதவீதத்தைத் தாண்டும். இன்று வரியே இல்லாத அதே வாடகைக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் கட்டிவிட்டு, எஞ்சியதை ஈவுத்தொகையாக எடுக்கும்போது அதை உங்கள் வருமானத்திலும் காட்ட வேண்டும். ஈவுத்தொகை வேண்டாம், கைமாற்றாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், கம்பெனியில் சேர்ந்துள்ள லாபத்தின் அளவுக்கு அந்தக் கைமாற்றையும் ஈவுத்தொகையாகவே வருமான வரிச் சட்டம் பார்க்கும்.

இவை பணத்தோடு போகும் நஷ்டங்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது, கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிச் சென்ற மருமகனின் சரிபாதிப் பங்குதான். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர் மாட்டிக்கொண்ட இடமும் அதுவே.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இருவருக்கும் சமப் பங்கு வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் பேருக்கு ஒருவர் வேண்டுமே என்று மைத்துனரையோ மருமகனையோ சேர்க்கிறார்கள். மரியாதைக்குக் குறைவாகப் போய்விடக் கூடாது என்று பாதிப் பங்கையும் எழுதிவிடுகிறார்கள். அந்த நாளிலிருந்து கட்டடம் அவர்களுடையது அல்ல. பங்குதாரருக்குக் கம்பெனியின் சொத்தில் நேரடி உரிமை ஏதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. உங்களிடம் இருக்கப் போவது பங்குப் பத்திரம். கடையும் மாடியும் கம்பெனியுடையவை.

உறவு நன்றாக இருக்கும் வரை இந்த வேறுபாடு யாருக்கும் தெரிவதில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் மனக்கசப்பு வந்தாலோ, மருமகன் தொழிலில் நொடித்துப்போய் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அவருடைய பங்குகளை ஜப்தி செய்ய வந்தாலோ, அவர் காலமாகி அவருடைய தாயும் வாரிசாக வந்து நின்றாலோதான் தெரியவரும். சரிபாதி வாக்கு வைத்திருக்கும் மருமகனை இயக்குநர் பதவியிலிருந்து உங்களால் நீக்க முடியாது. அதற்குப் பெரும்பான்மை வேண்டும், உங்களிடம் பாதிதான் இருக்கும். இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு நின்றுவிடும். கடைக்காரர்கள் யாரிடம் வாடகை கொடுப்பது என்று கேட்டு, முடிவில் யாரிடமும் கொடுக்காமல் இருப்பார்கள். உங்கள் சொந்தக் கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விடுவதற்கும் இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டியிருக்கும்.

இதைத் தீர்த்துக்கொள்ள அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கும் நீங்கள் போக முடியாது. கம்பெனி நிர்வாகச் சச்சரவு சென்னையில் உள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். உரிமையியல் நீதிமன்றம் அதில் தலையிட முடியாது. பெரும்பான்மை பங்கை நான் வைத்துக்கொண்டு அவருக்கு ஒரே ஒரு பங்கு கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வாக்கெடுப்பில் வெல்வதற்கு அது போதும். வழக்கைத் தடுக்கப் போதாது. ஒடுக்குமுறை, தவறான நிர்வாகம் என்று தீர்ப்பாயத்துக்குச் செல்ல, மொத்தப் பங்குதாரர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பகுதியினர் இருந்தாலே போதும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 244-ஆம் பிரிவு. இருவர் மட்டுமே உள்ள கம்பெனியில், ஒரு பங்கு மட்டும் வைத்திருப்பவரும் தனியாகவே அந்தத் தகுதியைப் பெற்றுவிடுகிறார். பலர் இதை வழக்கு வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

போதும், கம்பெனியை மூடிவிட்டுச் சொத்தைத் திரும்ப என் பெயருக்கே எழுதிக்கொள்கிறேன் என்றால், மறுபடியும் கிரயம், மறுபடியும் 9 சதவீதம், இம்முறை கம்பெனியின் பெயரில் மூலதன ஆதாய வரி. மூடாமல் அப்படியே விட்டுவிடுவது இன்னும் ஆபத்து. ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்யாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். தொழில் எதுவும் நடக்கவில்லை என்று கருதினால் கோவையில் உள்ள கம்பெனிப் பதிவாளர் கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் முடியும். அப்படிக் கலைக்கப்பட்ட கம்பெனியிடம் எஞ்சிய சொத்து உரிமையாளரற்ற சொத்தாக அரசைச் சேரும் என்று ஒரு தோட்டக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயரை மீட்கத் தீர்ப்பாயத்தில் வழி உண்டு. ஆனால் வாடகை வந்தால் போதும், படிவங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்றிருந்த சிறு சொத்துக்காரர்கள் அந்த வழியில் நடந்து களைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடனுக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள் என்பது ஏட்டளவில் சரி. புதிதாகத் தொடங்கிய, இரண்டே பங்குதாரர்கள் உள்ள கம்பெனிக்கு, இயக்குநர்களின் தனிப்பட்ட ஜாமீன் இல்லாமல் கடன் தரும் வங்கியை நான் கண்டதில்லை. அந்த ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்ட நொடியில், கம்பெனி கொடுத்த பாதுகாப்பை அந்த வங்கியைப் பொறுத்தவரை நீங்களே கைவிடுகிறீர்கள். கம்பெனி திவாலானாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு தானாக நீங்காது என்பதை 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

ஆகவே என் ஆலோசனை, அம்மாப்பேட்டைக் கட்டடத்தைக் கம்பெனிக்கு மாற்றும் எண்ணத்தை முற்றிலும் கைவிட்டு, தங்கையுடன் சமாதானமாகப் போங்கள் என்பதே. உங்களுக்கு மனம் ஒப்பாது என்று தெரிந்தே சொல்கிறேன். வழக்குக்குப் போனால் பாதி அவருக்கு என்ற தீர்ப்பைத் தவிர வேறொன்றை என்னால் எதிர்பார்க்க முடியவில்லை. அதோடு நீங்கள் இத்தனை ஆண்டுகள் வாங்கிய வாடகைக்கும் அவர் கணக்குக் கேட்பார். இன்று பேசினால் மாடிக்கு நீங்கள் போட்ட பணத்தைக் கழித்து, இரண்டு கடைகளையோ ஒரு தொகையையோ கொடுத்து முடிக்க இடமிருக்கிறது. தொகை வாங்கிக்கொண்டால் அவர் உங்களுக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். கடைகளாகப் பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். நேரில் பேச முடியாத அளவுக்கு உறவு கெட்டிருந்தால், வழக்குத் தொடுக்கும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். அங்கே உடன்பட்டு எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது.

ஏற்காட்டு நிலம் வேறு. அது உங்கள் சொந்தச் சம்பாத்தியம், தங்கைக்கு அதில் ஒன்றுமில்லை. அங்கே கம்பெனிக்கு ஒரு பயன் உண்டு, நிலத்தை அதற்குக் கொடுக்காமல் இருந்தால். நிலமும் வீடும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். விருந்தினர் தங்கும் தொழிலை மட்டும் கம்பெனி நடத்தட்டும். அதற்கு நீங்கள் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். விருந்தினர் ஒருவருக்கு விபத்து நேர்ந்தாலோ, சரக்குக் கொடுத்தவருக்குப் பாக்கி நின்றாலோ, அந்தப் பொறுப்பு பெரும்பாலும் கம்பெனியோடு நிற்கும். நிலம் வெளியே இருக்கும். அந்தக் கம்பெனிக்கும் மருமகன் தேவையில்லை. ஒருநபர் கம்பெனியாகவே தொடங்கலாம். இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் உங்கள் மனைவியைச் சேருங்கள். நாமினியாக நியமிக்கப்பட்டவரே பங்குகளுக்கு உரிமையாளர் ஆகிவிடுவார் என்று நம்ப வேண்டாம். அப்படி அல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மகளுக்குப் போய்ச் சேர வேண்டியதை உயிலில் எழுதுங்கள். மலைப்பகுதிக் கட்டட அனுமதி யார் பெயரில் கட்டினாலும் வேண்டும் என்பதால், வரைபட ஒப்புதல் கிடைக்கும் முன் கடன் பத்திரம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

தங்கையின் நோட்டீஸுக்கு உங்கள் வழக்கறிஞர் எழுதும் பதிலில், அவருக்குப் பங்கே இல்லை என்ற வாசகம் இடம்பெற வேண்டாம். பேசித் தீர்க்கத் தயார் என்று மட்டும் எழுதி, 1996-இல் மாடி கட்டிய செலவுக்குக் கையில் உள்ள ரசீதுகள், வங்கிக் கணக்கு நகல்கள் ஆகியவற்றை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.