புரோப் ஜூனியரின் கையில் இருக்கட்டும்: மாணவரே மாணவருக்கு அல்ட்ராசவுண்ட் கற்பித்தல் – கேள்வி பதில்

அவசர மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் நான், இறுதியாண்டு மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் தங்கள் ஜூனியர்களுக்கு அல்ட்ராசவுண்ட் கருவியையும், உடலின் மீது வைத்துப் பார்க்கும் அதன் கைப்பகுதியான புரோபையும் கையாளக் கற்பிக்கும் வகுப்புகளுக்குப் பொறுப்பேற்று வருகிறேன். அந்த முறை குறித்து மாணவர்களும் மருத்துவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மேடம், எங்களைவிட இரண்டு ஆண்டுகள் மட்டுமே மூத்தவர்கள் ஸ்கேன் சொல்லித்தருவது, பேராசிரியர் சொல்லித்தருவதற்கு ஈடாகுமா? – இரண்டாமாண்டு மாணவி, மதுரை

எதைச் சொல்லித்தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கேன் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. உறுப்பைத் தேடிப் பிடித்துத் தெளிவான படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது ஒன்று. அந்தப் படத்தைப் படித்து நோயைச் சொல்வது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் கைப்பழக்கம். அதை அண்மையில் பழகியவருக்கு எந்த இடத்தில் கை தடுமாறும் என்பது இன்னும் நினைவில் இருக்கும். உதாரணமாக, மேல்வயிற்றில் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியையும், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையையும் மாற்றிச் சொல்வது ஏறக்குறைய எல்லா மாணவரும் செய்யும் தவறு. பல ஆண்டுகள் ஸ்கேன் செய்த ரேடியாலஜி பேராசிரியருக்கு அப்படியொரு குழப்பம் இருக்க முடியும் என்பதே மறந்திருக்கும். சீனியரோ, "திரையில் துடிப்பதை மட்டும் நம்பாதே, சிரையும் அசையும், கல்லீரலைத் தொட்டுக்கொண்டு மேலேறி இதயத்துக்குள் நுழைகிறதா என்று நீளவாக்கில் தொடர்ந்து பார்" என்று சரியான இடத்தில் சொல்லிவிடுவார்.

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் தசை, மூட்டு ஸ்கேன் பயிற்சியை மாணவ ஆசிரியர்களிடமும் துறை ஆசிரியர்களிடமும் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளியானது. மாணவரிடம் கற்றவர்கள் பின்தங்கவில்லை என்பதே அதன் முடிவு. ஆனால் இந்த முடிவை நோயறிதலுக்கு நீட்டக் கூடாது. பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதற்கு அழற்சி காரணமா, நோயாளி சாப்பிட்டுவிட்டு வந்ததால் பை சுருங்கியிருக்கிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை இறுதியாண்டு மாணவரிடம் ஒப்படைக்க நான் உடன்பட மாட்டேன்.

ஒரு வகுப்பை எப்படி நடத்த வேண்டும்? நான் இந்த ஆண்டு முதன்முறையாக ஜூனியர்களுக்குச் சொல்லித்தரப்போகிறேன். – இறுதியாண்டு மாணவர், திருநெல்வேலி

ஓர் இயந்திரத்துக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கைத்திறன் கற்பிப்பதற்கு அறுவைச் சிகிச்சை மருத்துவர் பெய்ட்டன் 1998-இல் முன்வைத்த நான்கு படிகள் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. முதலில் எதுவும் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுங்கள். அடுத்து ஒவ்வோர் அசைவையும் விளக்கியபடி மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாவது முறை ஜூனியர் வாயால் சொல்லச் சொல்ல, அவர் சொல்வதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். நான்காவது முறை அவரே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். பலர் அவசரத்தில் மூன்றாவது படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஜூனியரின் மனத்தில் இருக்கும் பிழை வெளியே தெரிவது அந்தப் படியில்தான்.

வலது மேல்வயிற்றில் தொடங்குங்கள். கல்லீரலும் வலது சிறுநீரகமும் அருகருகே தெரியும் அந்தக் காட்சி எளிதில் அகப்படுவதோடு, விபத்தில் அடிபட்டவருக்குச் செய்யும் ஃபாஸ்ட் ஸ்கேனில் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் முக்கியமான இடமும் அதுவே. 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த புரோபை எடுத்து, அதன் அடையாளக் குறி நோயாளியின் தலைப்பக்கம் நோக்கியிருக்குமாறு பக்கவாட்டு விலாவில் வைக்கச் சொல்லுங்கள். விலா எலும்பின் நிழல் திரையை மறைத்தால் புரோபைச் சற்றே சாய்வாகத் திருப்பி, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால் போதும். ஆழத்தை முதலில் அதிகமாக வைத்து, உறுப்பைக் கண்டபின் குறைக்கப் பழக்குங்கள். இடது பக்கம் கடினம். மண்ணீரல் நாம் எதிர்பார்ப்பதைவிட மேலேயும் பின்னாலும் இருக்கிறது. புரோபைப் பிடித்த கையின் விரல் முட்டிகள் படுக்கையைத் தொடும் அளவுக்குப் பின்னால் போனால்தான் பெரும்பாலும் அகப்படும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, உங்கள் கை உங்கள் பின்னால் இருக்க வேண்டும் என்பது. படம் வரவில்லை என்றதும் புரோபை வாங்கி நீங்களே கொண்டுவந்துவிட்டால், ஜூனியர் உங்கள் திறமையைப் பாராட்டிவிட்டு வெறுங்கையோடு போவார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளும் டிரைவிங் பயிற்சியாளரிடம் யாரும் வண்டி ஓட்டக் கற்றதில்லை. "நகர்த்து", "சாய்", "திருப்பு", "அழுத்து" ஆகிய நான்கு சொற்களுக்கு என்ன பொருள் என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டு, அவற்றை மட்டும் வைத்து வழிகாட்டுங்கள். "கொஞ்சம் இப்படி" என்ற சொல்லை வகுப்பில் தடைசெய்தாலும் தவறில்லை.

கைபேசியில் பொருத்தும் சிறிய புரோப் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கி, விடுதி அறையில் பழகலாமா? – மூன்றாமாண்டு மாணவர், கோயம்புத்தூர்

கூடாது. விலை ஒரு பொருட்டல்ல; சட்டம் தடுக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-இல் திருத்தப்பட்டபின், அல்ட்ராசவுண்ட் கருவி எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கட்டுக்குள் வைக்கிறது. பதிவு பெறாத நிறுவனத்துக்கோ நபருக்கோ கருவியை விற்பதே அச்சட்டப்படி குற்றம். கையடக்கக் கருவிக்கு விலக்கு எதுவும் இல்லை. எடுத்துச் செல்லக்கூடிய கருவி என்பதாலேயே அதற்கென்று தனி விதிகளை 2012-இல் சேர்த்தார்கள். பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்காகவும், பதிவு பெற்ற நடமாடும் மருத்துவப் பிரிவிலும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெறும் மருத்துவரின் பெயர் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு நீக்கப்படும். "நாங்கள் வயிற்றில் கல்லீரலை மட்டும்தான் பார்த்தோம்" என்ற விளக்கம், பதிவில்லாத கருவி உங்கள் அறையில் இருந்ததற்கு விடையாகாது.

அமெரிக்காவில் தெற்கு கரோலினா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2006-இலிருந்து முதலாண்டு முதலே அல்ட்ராசவுண்டைப் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்கிறது. அந்த மாணவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு இந்த ஆசை எழுவது இயல்புதான். ஆனால் நம் நாட்டில் பெண் கருக்கொலை ஏற்படுத்திய காயத்திலிருந்து பிறந்த சட்டம் இது. அதன் கட்டுப்பாடுகளோடுதான் நாம் கற்க வேண்டும். ஆகவே கல்லூரியில் பதிவு பெற்ற கருவி, பதிவு பெற்ற அறை, தகுதியுள்ள மருத்துவரின் நேரடி மேற்பார்வை ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில் மட்டும் வகுப்பை வையுங்கள். தொடங்கும் முன் ரேடியாலஜித் துறைத் தலைவரிடமும் முதல்வரிடமும் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எம்.பி.பி.எஸ். முடித்தவர் சட்டப்படி அல்ட்ராசவுண்ட் செய்வதற்கு 2014-ஆம் ஆண்டு விதிகள் ஆறு மாதப் பயிற்சியைக் கேட்கின்றன. சீனியரிடம் கற்றது அந்தத் தகுதியில் ஒரு நாளாகக்கூடக் கணக்கில் சேராது.

யாரை வைத்துப் பழகுவது? எங்கள் வகுப்பில் படுக்க முன்வருபவர்கள் எப்போதும் அதே இருவர்தான். – பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்

அந்த இருவரும் உண்மையாகவே விரும்பி வருகிறார்களா என்று முதலில் தனியாகக் கேளுங்கள். சீனியர் சொன்னால் மறுக்க முடியாது என்ற கூச்சம் நம் விடுதிகளில் ஆழமாக இருக்கிறது. ஆகவே ஒப்புதலை வகுப்பு நடத்துபவர் வாங்காமல் ஓர் ஆசிரியர் வாங்குவது நல்லது. கழுத்தில் தைராய்டு, மேல்வயிறு, தொடைச் சிரை ஆகியவை தொடக்கநிலைக்குப் போதுமானவை. மார்பகம் வேண்டவே வேண்டாம். சிறுநீர்ப்பையைக் காட்டும் அடிவயிற்றுக் காட்சிக்கு ஆண் மாணவர்களையே படுக்க வையுங்கள் என்று நான் வலியுறுத்துவதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. எதிர்பாராமல் ஒரு கர்ப்பம் தெரியவந்தால், மேலே சொன்ன சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிரப்பிப் பாதுகாக்க வேண்டிய எஃப் படிவம் உட்பட, மாணவர் வகுப்பு தாங்க முடியாத பொறுப்புகள் எழும்.

பழகும்போது நண்பனின் சிறுநீரகத்தில் ஏதோ கறுப்பாக உருண்டையாகத் தெரிந்தது. எல்லோர் முன்னிலையிலும் சீனியர் "சிஸ்ட் போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். நண்பன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. – மூன்றாமாண்டு மாணவர், சென்னை

அந்த உருண்டை தீங்கற்ற நீர்க்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவரை முறையாகப் பரிசோதிக்கும் மருத்துவர்தான், நானோ அந்தச் சீனியரோ அல்ல. ஆகவே உங்கள் நண்பர் இந்த வாரமே ரேடியாலஜித் துறையில் முறையான ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டும். நலமாக இருக்கும் இளைஞர்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தால், பித்தப்பைக் கல், ஒரே பக்கச் சிறுநீரகம், நீர்க்கட்டி என்று ஏதாவது ஒன்று சில வேளைகளில் கண்ணில் படத்தான் செய்யும். அப்போது என்ன செய்வது என்பது வகுப்புக்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கற்பிப்பவர் முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த காட்சிக்கு நகர வேண்டும். வகுப்பு முடிந்ததும் மேற்பார்வை ஆசிரியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். இதைக் கடைப்பிடிக்கத் தெரியாதவர், எவ்வளவு அழகாகப் படம் கொண்டுவந்தாலும், கற்பிப்பதற்கு இன்னும் தயாராகவில்லை.

அடிக்கடி ஸ்கேன் செய்துகொள்வதால் படுப்பவருக்குத் தீங்கு உண்டா? – முதலாண்டு மாணவி, வேலூர்

எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. ஒலி அலை தன் வெப்பத்தாலும் அதிர்வாலும் திசுவைச் சற்றே பாதிக்கக்கூடும் என்பதால், திரையோரம் காட்டப்படும் வெப்பக் குறியீட்டையும் (TI) இயந்திரக் குறியீட்டையும் (MI) குறைவாக வைத்து, தேவையான நேரம் மட்டும் பாருங்கள். கண்ணின் மீது புரோபை வைத்துப் பழகாதீர்கள்.

நான் ரேடியாலஜி பி.ஜி. இந்த வகுப்புகள் அரைகுறை ஸ்கேன் நிபுணர்களைத்தான் உருவாக்கும் என்று அஞ்சுகிறேன். – சேலம்

அச்சம் நியாயமானது. அதனால்தான் எங்கள் வகுப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இணைக்கிறோம். "கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே திரவம் தெரிகிறதா?" என்றால் விடை ஆம், இல்லை, அல்லது படம் போதவில்லை. மூன்றாவது விடையைத் தயங்காமல் சொல்பவருக்குத் தேர்வில் முழு மதிப்பெண் தருகிறோம். ஃபாஸ்டில் எதுவும் தெரியவில்லை என்பதால் காயம் இல்லை என்றாகாது என்பதையும், சிறிதளவு இரத்தமும், வயிற்றறைக்குப் பின்னால் கசியும் இரத்தமும், குடல் கிழிந்திருப்பதும் அதில் தப்பிவிடலாம் என்பதையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களைப் போன்றவர்கள் மாதம் ஒரு மாலை வந்து, மாணவ ஆசிரியர்கள் சேமித்த படங்களைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் அஞ்சுவது நடக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

வகுப்பு முடிந்ததும் இயந்திரத்தைத் துறையில் ஒப்படைக்கும்போது எப்போதும் திட்டு வாங்குகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? – இறுதியாண்டு மாணவி, புதுச்சேரி

புரோபில் காய்ந்த ஜெல்லும், சக்கரத்தடியில் நசுங்கிய வயரும்தான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொருவர் முடித்ததும் மென்மையான துணியால் ஜெல்லைத் துடைத்து, அந்தப் புரோபுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த திரவத்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிட் சில புரோப்களின் முகப்பைக் கெடுத்துவிடும். வயரைச் சுற்றி அதற்குரிய கொக்கியில் மாட்டிவிட்டு, அதன்பின் வண்டியை நகர்த்துங்கள். சேமித்த படங்களில் யாருடைய பெயரும் இல்லை என்று பார்த்தபின் ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள்.