ஆக்கர் கடையில் கிடைத்த லட்சுமி படம் ரவிவர்மா அச்சா?

கேள்வி: நாகர்கோவில் ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) தேக்குச் சட்டமிட்ட பழைய லட்சுமி படம் கிடைத்தது. இது ரவிவர்மா அச்சகப் படமா, பின்னால் வந்த நகலா?

முதலில் கீழ் விளிம்பைப் பாருங்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோணாவளா பக்கம் மளவ்லிக்குப் போனது ரவிவர்மா அச்சகம். பெயரும் ஊரும் பெரும்பாலும் வெள்ளை ஓரத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். சட்டத்துக்கு அளவாக ஓரத்தை நறுக்கியவர்கள் அதையும் சேர்த்தே நறுக்கிவிட்டார்கள், என்ன செய்ய!

பெயர் இல்லையென்றால் 10 மடங்கு லென்ஸ். முகத்திலும் சேலை மடிப்பிலும் வையுங்கள். ஒரே சீரான புள்ளிகள் வட்டம் வட்டமாகப் பூப்போல அமைந்திருந்தால் அது ஆஃப்செட் நகல். ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) புள்ளிகள் ஒழுங்கற்று, மணல் தூவியதுபோல் கிடக்கும். நிறங்களும் ஆஃப்செட்போல் நாலோடு நிற்காது. மேலே வார்னிஷ் மினுக்கம், சிலவற்றில் துணி நெசவுபோன்ற சொரசொரப்பும் தெரியும். ஜரிகை, சம்கி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். அது அந்தக்கால வேலைப்பாடு, விலையைக் கூட்டும்.

நம் ஊர் ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகத்து நிறம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே விட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒட்டாத படமென்றால் பின்பலகையை மட்டும் மாற்றி, அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஈரத்துணியும் லேமினேஷனும் கூடவே கூடாது.