வேலூரில் ஹீமோஃபீலியாவுக்கு ஜீன் சிகிச்சை வெற்றி என்று செய்தி வந்ததே, அது ஏன் இன்னும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை?

2024 டிசம்பரில் இதே கேள்வியைக் குடியாத்தத்திலிருந்து என் பெரியம்மா மகன் போனில் கேட்டார். "இன்னாடா, நம்ம வேலூர்லயே வந்துட்ச்சாமே. எவ்ளோ ஆவும்?"

அண்ணனுக்கு ஹீமோஃபீலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் ஃபேக்டர் என்ற புரதம் அவர் உடம்பில் ஊறுவதில்லை. அம்மா வழியில் வரும் நோய். பெரியம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். எனக்கும் வந்திருக்கலாம், வரவில்லை. நான் உயிரியல் மருந்து செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அதனால் எந்த மருந்துச் செய்தி வந்தாலும் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில்தான் விழும்.

செய்தி உண்மை. சி.எம்.சி.யும் பாகாயத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. 22 முதல் 41 வயது வரையான ஐந்து ஆண்களின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த செல்களை உண்டாக்கும் மூல செல்களை, வெளியே எடுத்து, நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய லென்டிவைரஸ் மூலம் எட்டாம் ஃபேக்டரின் ஜீனை அவற்றுக்குள் செலுத்தினார்கள். பிறகு கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் காலி செய்து, அந்த செல்களையே திருப்பி ஏற்றினார்கள். ஐவரின் கண்காணிப்பையும் கூட்டினால் 81 மாதங்கள். அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த முடிவு இது.

அந்த ஆய்வில் செய்தித்தாள்கள் பெரிதாகப் போடாத ஒரு விஷயம் இருக்கிறது. முதல் இருவருக்கு ஃபேக்டர் அளவு குறைவாகத்தான் வந்தது. வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைய ஒரு துணைப்பொருள் சேர்த்த பிறகு, அடுத்த மூவருக்கு நன்றாக ஏறியது. ஜீனும் நோயும் அதேதான், செய்முறையில் ஒரு படி மட்டும் மாறியது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது.

பாராசிட்டமால் என்பது ஒரு மூலக்கூறு. யார் செய்தாலும் சோதித்துப் பார்த்து அதேதான் என்று சொல்லிவிடலாம். உயிருள்ள செல் அப்படி இல்லை. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், ஒரே டிரம்மில் போட்டாலும் ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு மாதிரிச் சாயம் குடிக்கும் என்பார்கள். அதனால் எங்கள் தொழிலில் செய்முறைதான் மருந்து. ஐந்து பேருக்குச் செய்ததை ஐந்நூறு பேருக்கும் அதே மாதிரி செய்ய முடியும் என்று தாள்தாளாக எழுதிக் காட்டினால்தான் அனுமதி. முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் ஒரு ராத்திரி ஃப்ரீசர் சூடேறி, அலாரம் அடித்தும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. காலையில் மொத்த பேட்சையும், அதாவது ஒரே தடவையில் செய்த மருந்து அத்தனையையும், அழித்தோம். மருந்து கெட்டுவிட்டதா என்றுகூடத் தெரியாது. கெடவில்லை என்று நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அது பலருக்கும் பொதுவான மருந்து என்பதால் அடுத்த பேட்ச் போட்டோம். அதுவே ஒரு நோயாளியின் சொந்த செல்லாக இருந்தால்?

வேலூருக்கு இந்த நீண்ட பாதை புதிதில்லை. குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தின் மூல வைரஸை டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்தது 1980-களின் நடுவில். 2011-ல் தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வில் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலுமாக 6,799 குழந்தைகள். மருந்து வெளிவந்தது 2015-ல். ஏறக்குறைய முப்பது வருஷம்! ஆனால் பாரத் பயோடெக் அதை ஒரு டோஸ் ஒரு டாலருக்குத் தருவதாகச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் ஒரு பேட்ச் போட்டால் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளுக்குப் போகும். ஸ்டெம் செல் சிகிச்சையில் ஒரு பேட்ச் என்றால் ஒரே ஒரு ஆள். அந்த ஒருவருக்காகவும் சுத்த அறை, வைரஸ் தயாரிப்பு, சோதனைகள், மஜ்ஜை மாற்று வார்டு எல்லாம் முழுதாக வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பெனிகளும் பணக் கணக்கில்தான் தடுக்கி விழுந்தன. அவர்களுடையது வேறு வழி, ஏஏவி என்ற வைரஸை நேராக ரத்தத்தில் ஏற்றுவது. ஹீமோஃபீலியா ஏ-க்கான பயோமரின் கம்பெனியின் ராக்டேவியன் 2023-ல் அமெரிக்காவில் வந்தபோது விலை 2.9 மில்லியன் டாலர். வாங்க ஆள் இல்லாமல், 2024-ல் மூன்று நாடுகளோடு விற்பனையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒன்பதாம் ஃபேக்டர் குறையும் ஹீமோஃபீலியா பி-க்கான ஃபைசரின் பெக்வெஸ் 2024 ஏப்ரலில் அனுமதி வாங்கி, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. மருந்து வேலை செய்யாததால் அல்ல. ஹீமோஃபீலியா ஏ-க்கு எட்டாம் ஃபேக்டரின் வேலையைச் செய்யும் எமிசிஜுமாப் என்ற தோலடி ஊசியை வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போட்டாலே கசிவு நன்றாகக் கட்டுப்படும்போது, எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாத ஒன்றுக்கு அத்தனை கோடியை யார் கொடுப்பார்?

நம் நாட்டில் நம்பிக்கை வைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. ஐஐடி பாம்பேயில் பிறந்த நெக்ஸ்கார்19 என்ற புற்றுநோய் செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை 30, 40 லட்சம் என்றாலும் அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குதான். வைரஸையும் செல்லையும் இங்கேயே செய்ததால் வந்த குறைவு. வேலூர் சிகிச்சைக்கும் அதே வழி உண்டு. ஆனால் ஐந்து பேர் ஆய்வு முதல் படிதான். இன்னும் அதிகம் பேரிடம் செய்து, ஆண்டுக்கணக்கில் கண்காணித்து, மாற்றிய செல் பின்னாளில் ரத்தப் புற்றாகத் திரும்பாது என்றும் காட்ட வேண்டும். அதற்கான பணத்தைப் போட ஒரு ஆள் வேண்டும்.

அண்ணனிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. கீமோ உண்டு, முடி கொட்டும் என்றேன். ஏற்கெனவே மடங்காமல் போன வலது முழங்கால் இதனால் சரியாகாது என்றும் சொன்னேன். அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் பிசியோதெரபியையும் விடாதீங்க என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கு இன்னாத்துக்குடா இனிமே," என்றார். "பாப்பாவுக்குப் புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துடுமா, அத்த சொல்லு."

அவர் மகள் காட்பாடியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த நோயின் ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அப்பாவின் எக்ஸ் குரோமோசோம் மகளுக்குக் கட்டாயம் போகும். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாதி வாய்ப்பு. இதை நான் அவருக்குச் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்.