ஏழாம் மாதம்: ஆடுசதை இழுக்கிறது, கால் வீங்குகிறது, நெஞ்சு எரிகிறது

கேள்வி: எனக்கு வயது 26. இது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். துணிக்கடையில் வேலை, காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நின்றபடிதான். நடு ராத்திரியில் ஆடுசதை சுண்டி இழுத்து அலறி எழுந்துவிடுகிறேன். சாயங்காலம் கால் வீங்கி செருப்பு நுழைவதில்லை. படுத்தால் நெஞ்சு எரிகிறது. மலச்சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரைதான் காரணம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், இரண்டு வாரமாக அதை நிறுத்திவிட்டேன். ‘பிள்ளைத்தாச்சின்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்கிறார் மாமியார். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் ஏழாம் மாதத்தில் வரக்கூடியவைதான். ஆனால் வரக்கூடியது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கால் வீக்கத்தை மட்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் விடவும் கூடாது.

முதலில் அந்த மாத்திரை. இன்றைக்கே மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். மலம் இறுகுவதில் அதற்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பகாலத்தில் கூடுதலாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் வேகத்தையே குறைத்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்தினாலும் சிக்கல் முழுசாகப் போகாது, ரத்தசோகைதான் மிச்சம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் பிரசவத்தில் போகிற ரத்தத்தை உடம்பு தாங்குவது கஷ்டம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை மாற்றித் தருவார்.

விழுங்குகிற விதத்திலும் கவனம் வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு மேலே டீயைக் குடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கால்சியம், டீ, காபி, பால் எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் நிறம்தான்.

சிக்கலுக்குக் கொய்யாப்பழம், கீரை, வாழைத்தண்டு, அப்புறம் தண்ணீர். கடையில் பாத்ரூம் போக அனுமதி கேட்கச் சங்கடப்பட்டு, பகலெல்லாம் தண்ணீரே குடிக்காத பெண்கள் நிறைய. நீங்களும் அப்படித்தானா? சிறுநீரில் கிருமித்தொற்று வருவதற்கும் அது வழி. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம், வயிற்றை முறுக்கிவிடும்.

ஆடுசதை இழுக்கும்போது பாதத்தைக் கீழ்ப்பக்கம் நீட்டாதீர்கள், இன்னும் இறுகும். முழங்காலை நேராக வைத்து, கால்விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். வயிறு இடிக்கிறது, எட்டவில்லை என்றால் கணவரை எழுப்புங்கள், அவர் பிடிக்கட்டும். படுக்கப் போகும் முன் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு மறுகால். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் போதும். பல பேருக்கு ராத்திரித் தொந்தரவு குறைந்துவிடுகிறது.

வீக்கம். பெரிதான கருப்பை, காலிலிருந்து ரத்தம் திரும்புகிற ரத்தக்குழாயை அழுத்துகிறது. பத்து மணி நேரம் நின்றால் நீர் கீழே தேங்காமல் என்ன செய்யும்? உட்காருங்கள், காலைச் சிறு ஸ்டூலில் தூக்கி வையுங்கள். கடையில் உட்காரக் கேட்பது சலுகை அல்ல. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வீட்டில் பார்லிக் கஞ்சி கொடுத்தால் குடியுங்கள், கெடுதல் இல்லை. வீக்கத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிற வீக்கம் சாதாரணம். காலையிலும் வடியாமல் முகம், கைவிரல் எல்லாம் ஊதி மோதிரம் இறுகினாலோ, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ அது ரத்தக்கொதிப்பாக இருக்கலாம். பிபி 140/90 அல்லது அதற்கு மேல் போனால் உடனே கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம், தேய்த்து விடாதீர்கள். இந்த இரண்டுக்கும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

நெஞ்செரிச்சலுக்கு வருவோம். இரைப்பையின் மேல்வாயும் அதே ஹார்மோனால் தளர்ந்திருக்கிறது, கீழிருந்து குழந்தை வேறு முட்டுகிறது. இது வளைகாப்பு மாதம். ஆளாளுக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆசைக்குச் சாப்பிடுங்கள், பகலில், கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள் வீடு திரும்பவே ஒன்பது ஆகிவிடும் என்பதால், ஏழு மணிக்குக் கடையிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, முதுகிலிருந்தே உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். கட்டிலில் திரும்பிப் படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்பதில்லை. சோடா வேண்டாம். எரிச்சல் தாங்கவில்லை என்றால் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார்.

இடுப்பு வலி, கால் வலி என்று மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை இந்த மாதத்தில் குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியவை.

அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல், இந்த வாரமே போய் பிபி, சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியிருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.