முட்டி ஜவ்வு அறுவை சிகிச்சை: பட்டனா, திருகா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: ஐயா, விசைப்படகில் கடலுக்குப் போகும் என் தம்பிக்கு வயது 24. பொங்கலுக்கு நடந்த கபடிப் போட்டியில் முழங்கால் முறுக்கி, முன் சிலுவை ஜவ்வு அறுந்துவிட்டது. பிப்ரவரி நடுவில் தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தினார்கள். மேலே பட்டனும் கீழே திருகும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் திருகுதான். பட்டன் உறுதி குறைந்ததா? தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ல் படகு இறங்கும்போது தம்பியும் போகலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பட்டனைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் மூட்டின் உறுதியிலோ அன்றாட நடமாட்டத்திலோ பெரிய வேறுபாடு காணப்படவில்லை. தொடை எலும்பில் இட்ட துளை வழியே நாணை ஏற்றி, அதன் வளையத்தைத் தாங்கும் சிறு பட்டனை எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில் குறுக்காகப் படியவைப்பது ஒரு முறை. துளைக்குள்ளேயே திருகைச் செலுத்தி, நாணை எலும்புச் சுவரோடு இறுக அழுத்திவைப்பது மற்றொன்று. பட்டனில் தொங்கும் நாண் துளைக்குள் சற்றே அசைவதால், நாளடைவில் துளை அகலமாவதுண்டு. திருகு மூட்டுக்கு அருகிலேயே பிடித்தாலும், அதன் புரிகள் நாணை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு மெலிந்தவர்களுக்கு அதன் பிடியும் குறையும்.

என் கவலையெல்லாம் கீழ்ப்பக்கத்தைப் பற்றியது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனை சற்று மென்மையானது. அங்கே இழுவிசை துளையின் போக்கிலேயே அமைவதால், நாண் மூட்டை நோக்கி நழுவ இடமுண்டு. இளைஞர் ஒருவரின் இயல்பான ஜவ்வு ஏறத்தாழ 2,160 நியூட்டன் விசையைத் தாங்கும். நான்காக மடித்த தொடை நாண் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும் என்றாலும், கீழே அதைப் பிடித்திருக்கும் திருகு பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தாங்குவதில்லை. வடம் எவ்வளவு தடித்ததானாலும் நங்கூரம் மண்ணைக் கவ்வாமல் படகு நிற்காது என்பதை உங்கள் வீட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாணும் எலும்பும் ஒன்றோடொன்று வளர்ந்து பிணைய 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. அதுவரை முழங்காலைக் காப்பது அந்தப் பட்டனும் திருகும்தான். பிணைந்த பிறகும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. இடம் மாறிய நாண் தன் பழைய உயிரணுக்களை இழந்து, புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, மெல்ல மெல்ல ஜவ்வாக மாற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தின் முதல் சில மாதங்களில் அதன் வலிமை மிகவும் குறைந்திருக்கும். ஆனால் அதே சமயத்தில்தான் வலியும் வீக்கமும் வடிந்து, கால் முழுக்கச் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை தம்பிக்கு வரும்.

ஜூன் 15-ல் அவருக்கு நான்கு மாதமே ஆகியிருக்கும். ஆடும் தளத்தில் காலை ஊன்றி வலை இழுப்பதும், படகிலிருந்து கரையோரத் தண்ணீரில் குதிப்பதும் ஜவ்வைத் திருகும் அசைவுகள். ஆகவே அப்போது போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். குறைந்தது ஒன்பது மாதம், அதாவது நவம்பர் நடுப்பகுதி வரை பொறுத்திருக்க வேண்டும். அது வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் காலம் என்பதால், இன்னும் சில வாரங்கள் தள்ளிப்போட்டாலும் நல்லதே. அதற்கு முன், தொடைத் தசையின் வலிமை மற்றக் காலின் வலிமையில் 90 சதவீதத்தை எட்டியிருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் சோதிக்க வேண்டும். கபடிக்கும் இதே கணக்குத்தான். இடையில் நாற்காலியில் அமர்ந்து வலை பின்னலாம். கெட்டித் தரையில் நடை தேறிய பிறகே கடற்கரை மணலில் நடக்கட்டும். வீட்டின் வருமானம் இதனால் பாதிக்கப்படும் என்பதை அறிவேன். ஆனால் நாண் மறுபடி அறுந்தால், இரண்டாவது அறுவையும் இன்னோர் ஆண்டு ஓய்வும் அதைவிடப் பெரிய இழப்பாகும்.

கேள்வி: முழங்காலில் வைத்த டைட்டானியம் திருகு உப்புக்காற்றில் துருப்பிடிக்குமா? பின்னர் எடுக்க வேண்டுமா?
– வாசகர், தொண்டி

பதில்: துருப்பிடிக்காது. உறுத்தலோ தொற்றோ இருந்தாலன்றி எடுக்கவும் வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், திருகைச் சுற்றிப் படம் சற்று மங்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அறுவை முடிந்து இரண்டு ஆண்டாகியும் மகனின் முழங்கால் நழுவுகிறது. திருகு சரியில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், கீழக்கரை

பதில்: இத்தனை காலம் கழித்துத் திருகின் மேல் பழிபோடுவது பெரும்பாலும் பொருந்தாது. எலும்போடு நாண் பிணைந்துவிட்ட பிறகு திருகுக்கு அங்கே அதிக வேலையில்லை. புதிதாக அடிபட்டதா என்பதையும், தொடை எலும்பில் துளை உரிய இடத்தில் அமைந்திருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். துளை இடம் மாறியிருந்தால் ஒவ்வொரு முறை மடக்கி நீட்டும்போதும் நாண் தேவைக்கு மேல் இழுபட்டு, காலப்போக்கில் தளர்ந்துவிடும். எந்தப் பட்டனும் திருகும் அதை ஈடுகட்டாது. எம்.ஆர்.ஐ.யுடன் சி.டி. ஸ்கேனும் எடுத்து, துளையின் இடத்தையும் அகலத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துளை மிகவும் அகன்றிருந்தால், முதலில் எலும்புத் துகள் நிரப்பி அது கூடும்வரை சில மாதங்கள் காத்திருந்து, பிறகே புதிய நாணைப் பொருத்துவார்கள்.