நர்ஸ் முடிவெடுக்கலாமா?

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்கு நாலு நாளாகத் தொண்டைவலி, காய்ச்சல், இருமல். ஜி.பி. சர்ஜரிக்கு, அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்குக்குப் போனால் டாக்டருக்குப் பதில் அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்பயிற்சி பெற்ற நர்ஸ்) பார்த்தார். ஆன்டிபயாடிக் வேண்டாம், பாரசிட்டமால் போதும் என்று அனுப்பிவிட்டார். நர்ஸ் இப்படி முடிவெடுக்கலாமா?
– ஒரு தாய்

வணக்கம். எடுக்கலாம். அதற்கென்று படித்துப் பதிவுசெய்த நர்ஸ்கள் 2006 முதல் இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாங்களே எழுதலாம். ஆகவே அவர் மருந்து தராதது அதிகாரம் இல்லாததால் அல்ல.

நானும் இதே வேலையில் இருப்பவள். பையன் உள்ளே நுழையும்போதே பார்க்க ஆரம்பித்துவிடுவோம். எச்சிலை விழுங்குகிறானா, வாய் முழுதாகத் திறக்கிறதா, மூச்சில் சத்தம் வருகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் டாக்டரைக் கூப்பிடுவோம், இல்லாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். உடம்பில் சொரசொரவென்று சிவந்த தடிப்பு இருந்தால் ஸ்கார்லெட் காய்ச்சலா என்று யோசிப்போம். அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம்.

அதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் ஃபீவர்பெயின் என்ற தொண்டைவலி மதிப்பெண் கணக்கு. கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், டான்சிலில் சீழ், நோய் தொடங்கி மூன்று நாளுக்குள் காட்ட வந்துவிட்டது, டான்சில் கடுமையாகச் சிவந்து வீங்கியது, இருமலோ சளியோ இல்லாதது: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். உங்கள் மகனுக்கு இருமல் உண்டு, போனதும் நாலாம் நாள். தொண்டையில் சீழும் பெரிய வீக்கமும் இல்லையென்றால் காய்ச்சலுக்கான ஒன்றோடு சரி. 0 அல்லது 1 என்றால் ஆன்டிபயாடிக் கேட்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா கிருமி இருக்க வாய்ப்பு 13 முதல் 18 சதவீதம்தான். 4, 5 வந்தால் அது 60க்கு மேல். டாக்டர் பார்த்திருந்தாலும் இதே கணக்குதான்.

ஆனால் கணக்கை மட்டும் நம்பி உட்கார முடியாது. 2022 டிசம்பரில் ஸ்ட்ரெப் ஏ என்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைத் தொற்று பரவிக் குழந்தைகள் இறந்தபோது, ஆன்டிபயாடிக் எழுதும் வரம்பைத் தற்காலிகமாக 3க்கு இறக்கினார்கள். ஊரில் என்ன சுற்றுகிறது என்பதும் முடிவில் சேரும்.

உங்களைப் பார்க்கப்போவது யார் என்று ரிசப்ஷனிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறையில் நான் உங்கள் பக்கம்.

அப்புறம், அனுப்பும்போது அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ மறுபடி காட்டுங்கள். சர்ஜரி மூடியிருந்தால் மருத்துவ ஆலோசனை எண் 111. எச்சில் வடிந்தாலோ மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999.